மஞ்சள் டாக்ஸியும் கறுப்பு ஹெல்மெட்டும்

சிங்கப்பூரில் ஒரே நிறுவனத்தின் டாக்ஸிகள் இரண்டு நிறங்களில் ஓடிவந்தன. சிட்டிகேப் என்ற பெயரில் ஓடியவை மஞ்சள், கம்ஃபர்ட் என்ற பெயரில் ஓடியவை நீலம். இரண்டும் கம்ஃபர்ட்டெல்குரோ குழுமத்தைச் சேர்ந்தவை. முன்பு தனித்தனியாக இருந்த நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது பழைய நிறங்கள் அப்படியே தங்கிவிட்டன. பாதுகாப்பை நினைத்து யாரும் அப்படிப் பிரித்து வைக்கவில்லை. நிறத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டா என்று தேடியவர்களுக்கு இதைவிட நல்ல களம் கிடைத்திருக்காது. டெக் ஹுவா ஹோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் சுமார் 16,700 டாக்ஸிகளின் 36 மாத விபத்துப் பதிவுகளை அலசினார்கள். மாதத்துக்கு ஆயிரம் டாக்ஸி என்று கணக்கிட்டால் நீல வண்டிகளுக்கு 71.7 விபத்துகள், மஞ்சள் வண்டிகளுக்கு 65.6. அதாவது நூற்றுக்கு எட்டு, ஒன்பது விபத்துகள் குறைவு. 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது: வண்டியின் நிறம் என்பது வாங்குபவரின் ரசனையோடு முடிந்துவிடுவதில்லை. எதிரே வருகிறவரின் கண்ணுக்கு அது ஒரு தகவல்.

மஞ்சள் வண்டியை ஓட்டியவர்கள் நிதானமானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நிறம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை தடுக்கி விழும் இடமும் இதுவே. கறுப்புக் காரை விரும்புகிறவர் வேகப்பிரியராகவும் இருந்தால் பழி நிறத்துக்கா, மனிதருக்கா? சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இந்தச் சந்தேகத்தை முன்கூட்டியே எதிர்கொண்டார்கள். டாக்ஸிகளில் இருந்த ஜிபிஎஸ் கருவிகளின் பதிவுகளைக் கொண்டு ஓட்டுநர்களின் வேகத்தையும், ஓடிய தூரத்தையும், நின்ற நேரத்தையும் ஒப்பிட்டார்கள். இரு நிறத்து ஓட்டுநர்களுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் தென்படவில்லை. அடுத்து, விபத்துகளையே இரண்டாகப் பிரித்தார்கள். எதிராளியின் பார்வையில் டாக்ஸி பட்டிருக்கக்கூடிய மோதல்கள் ஒரு பக்கம், பட வாய்ப்பில்லாதவை மறுபக்கம். மஞ்சளின் அனுகூலம் முதல் வகையில்தான் வெளிப்பட்டது. வண்டியோ ஓட்டுநரோ காரணமாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு இப்படி ஒரு பக்கமாகக் குவிந்திருக்காது. பட்டப்பகலைவிட, தெருவிளக்கு வெளிச்சத்தில் இடைவெளி இன்னும் கூடியதும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

கண்ணின் அமைப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை கலந்த மஞ்சளை. நீலத்துக்குக் கண் தரும் பிரகாச மதிப்பு மிகக் குறைவு. வெளிச்சம் மங்கும்போது விழித்திரையில் வேறொரு வகைச் செல்கள் வேலையைக் கையிலெடுக்கின்றன. அப்போது கூர்மையின் உச்சம் 507 நானோமீட்டருக்கு நகர்கிறது. பகலில் பளிச்சென்று இருந்த சிவப்பு, அந்தியில் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்ன செக் அறிஞர் புர்க்கின்யேயின் பெயரே இன்றும் இந்த மாற்றத்துக்கு வழங்குகிறது. ஆனால் கண்ணின் கணக்கு நிறத்தோடு முடிவதில்லை. ஒரு பொருள் தன் பின்னணியிலிருந்து எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதே முக்கியம். நம் சாலையின் பின்னணி பெரும்பாலும் தார்க்கறுப்பு, கான்கிரீட் சாம்பல், மரங்களின் அடர்பச்சை. மழையில் நனைந்த தார்ச்சாலையில் ஒரு சாம்பல் நிறக் கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் போடாவிட்டால் அது சாலையின் ஒரு துண்டாகவே கரைந்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு கார் வாங்கப் போகிறவருக்கு என்ன சொல்லலாம்? ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களின் பல லட்சம் விபத்துப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. வெள்ளையைவிடப் பாதுகாப்பான நிறம் என்று எதுவும் அதில் தேறவில்லை. கறுப்பு, சாம்பல், வெள்ளி, நீலம், சிவப்பு முதலியவற்றுக்குப் பகல் நேரத்தில் சுமார் 10 சதவீதம் வரை கூடுதல் ஆபத்து காணப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2003-ல், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர ஆய்வோ வெள்ளி நிறக் கார்களில் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு வெள்ளைக் கார்களைவிடப் பாதியளவே என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். ஆக்லாந்து ஆய்வு அளவில் சிறியது. மோனாஷ் ஆய்வு பெரியது என்பதோடு, வண்டி கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய விபத்துகளை ஒப்பீட்டு அளவுகோலாக வைத்து, ஓட்டுபவரின் குணத்தை ஓரளவு கழித்துப் பார்த்தது. அதனால் நான் அதன் பக்கமே சாய்கிறேன். இருந்தாலும் 10 சதவீதம் என்பது ஒருவரின் சீட்பெல்ட்டுக்கோ வேகக்கட்டுப்பாட்டுக்கோ மாற்றாகும் எண் அல்ல. கறுப்புக் கார் வைத்திருப்பவர் அதை விற்கத் தேவையில்லை. மழையிலும் அந்தியிலும் ஹெட்லைட்டைப் போட்டாலே தன் பங்கைச் செய்தவராவார்.

நிறத்தின் பலன் ஆயிரக்கணக்கான வண்டிகள் சேரும் இடத்தில்தான் பெரிதாகிறது. தனி ஒருவருக்குச் சிறியதாகத் தெரியும் குறைவு, ஒரு டாக்ஸி நிறுவனத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மோதல்கள் குறைவதாகும். பள்ளிப் பேருந்து இதற்குப் பழைய உதாரணம். 1939-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில்தான் அமெரிக்கப் பள்ளிப் பேருந்துக்கு அந்த மஞ்சள் முடிவானது. விடியலின் அரையிருட்டிலும் வண்டி தெரிய வேண்டும், அதன்மேல் கறுப்பு எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். தமிழ்நாட்டின் 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளும் பள்ளி வாகனத்துக்கு மஞ்சளையே விதிக்கின்றன.

எல்லா வண்டியும் மஞ்சளானால் எது தனித்துத் தெரியும் என்ற எதிர்வாதமும் உண்டு. தனித்துத் தெரிவதும் கண்ணில் படுவதும் வேறு வேறு. சாலையே மஞ்சளாக மாறப் போவதில்லை, ஆகவே தாருக்கு எதிரான வேறுபாடு எத்தனை வண்டி வந்தாலும் குறையாது. அடையாளம் குறித்த வாதம் இதைவிட வலுவானது. அமெரிக்காவின் டாலஸ் நகரத் தீயணைப்பு வண்டிகளை ஆராய்ந்து 1995-ல் சாலமனும் கிங்கும் எழுதினார்கள்: பார்வை தொடர்பான விபத்துகளில் எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் கலந்த வண்டிகளைவிட, சிவப்பும் வெள்ளையும் கலந்தவை சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியும் பல ஊர்கள் சிவப்பை விடவில்லை. சிவப்பைக் கண்டதும் தீயணைப்பு வண்டி என்று மக்களுக்குப் புரிகிறது, புரிந்தால்தான் ஒதுங்குவார்கள் என்பது அவர்கள் கட்சி. இதில் உண்மை இருக்கிறது. சிவப்பை வைத்துக்கொண்டே பக்கவாட்டிலும் பின்புறத்திலும் பளிச்சிடும் மஞ்சள் பட்டைகளைச் சேர்த்தால் இரண்டு தேவையும் நிறைவேறும். பல நாடுகள் அப்படித்தான் செய்கின்றன.

நமக்கு மிக நெருக்கமான கேள்வி காரைப் பற்றியதே அல்ல. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். முன்னிருந்து பார்த்தால் பைக் ஒரு மெல்லிய கோடு. அதற்கு எந்த நிறம் பூசினாலும் பெரிதாக மாறாது. ஆக்லாந்தில் பைக் ஓட்டிகளை ஆராய்ந்து 2004-ல் வந்த ஆய்வு இதையே உறுதி செய்தது. வண்டியின் முன்புற நிறத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆனால் ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பி அனுப்பும் உடை அணிந்தவர்களுக்கு ஆபத்து 37 சதவீதம் குறைவு. பகலிலும் ஹெட்லைட் எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்ற விதி வந்தபோது பலரும் எரிச்சல்பட்டார்கள். அந்த விதிக்கு இத்தகைய சான்றுகளின் ஆதரவு இருந்தது. கடையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் விலை ஒன்றாகவே இருக்கையில், பெற்றோர் பிள்ளைக்கு வாங்கும் ஹெல்மெட் ஏன் கறுப்பாக இருக்க வேண்டும்?

இரவில் கதையே மாறுகிறது. விளக்கில்லாத சாலையில் பெயின்ட்டின் நிறம் ஏறக்குறைய செயலற்றுப் போகிறது. பகலில் கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் சட்டைக்கும் அதே கதிதான், ஏனென்றால் அதன் பளபளப்பு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களிலிருந்து பிறப்பது. இருட்டில் உதவுவது, விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டை மட்டுமே. ஹெட்லைட் ஒளி அதில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புகிறது, நிறுத்த வேண்டிய தூரம் கைவிட்டுப் போவதற்கு முன்பே. லாரிகளுக்கு இந்தப் பட்டையைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கணைத்து நிற்கும் லாரிகளில் சேறு படிந்து மறைந்த பட்டைகளைக் கவனிப்பார் இல்லை. அரவைக் காலத்தில் பின்விளக்கே இல்லாமல் ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர் டிரெய்லர்களில் கரும்பின் நுனி பின்னால் தொங்கி, இருக்கும் பட்டையையும் மூடிவிடுகிறது. எடை போடும் இடத்தில் எல்லா டிரெய்லரும் நின்றுதான் ஆக வேண்டும். பட்டையைத் துடைக்கவும், இல்லாத வண்டிக்குப் புதிதாக ஒட்டவும், சுமைக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டிவிடவும் அங்கே ஒருவர் போதும். அதை ஆலைகளின் பொறுப்பாக மாவட்ட நிர்வாகம் இந்தப் பருவத்திலேயே ஆக்கலாம்.