எண்ணெய்ப் பாதையில் அரபுச் சொற்கள்

அரபியர் ‘ஜய்யான்’ என்றழைத்த ஹயேன் நகரம் ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் உள்ளது. அரபு இலக்கணத்தை ஆயிரம் அடிகளில் பாடி, ‘அல்ஃபிய்யா’வை யாத்த இப்னு மாலிக் பிறந்த மண் அது. அங்கிருந்து ஒலிவத் தோப்புகளினூடே புவென்தே ஹெனில் வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டருக்கு மிதிவண்டிப் பாதையொன்று செல்கிறது. எண்ணெய் சுமந்த புகைவண்டிகள் ஓடிய இருப்புப்பாதை 1985இல் மூடப்பட்டது. பின்னர் அதன் தடமே இப்பாதையாயிற்று. புகைவண்டிக்கென அமைந்த மென்சரிவாதலின், மலைப்பாங்கான நாட்டிலும் மிதிப்பது எளிது.

இதன் பெயர் ‘எண்ணெய்ப் பசும்பாதை’. எண்ணெய்க்கு ஸ்பானிய மொழியில் ‘அஸெய்தே’ என்பர். அது அரபியின் ‘அஸ்ஸைத்’ என்பதை நாம் உடனே உணர்கிறோம். ஒலிவக்கனியான ‘அஸெய்துனா’வும் ‘அஸ்ஸைத்தூனா’வே. பாசன வாய்க்காலான ‘அஸேக்கியா’ நம் ‘ஸாகியா’வே. வழியில் குறுக்கிடும் குவாதஹோஸ் ஆற்றின் பெயர் ‘வாதி’ என்றே தொடங்குகிறது.

கிரனாடா முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் அரபு பேசலாகாதென 1567இல் அரசாணை பிறந்தது. 1609 முதல் 1614 வரை ஸ்பெயினெங்குமிருந்து அம்மக்களே நாடு கடத்தப்பட்டனர். எனினும், உழவிலும் உணவிலும் வேரூன்றிய சொற்களை எந்த ஆணையாலும் அகற்ற இயலவில்லை. அரண்மனைகளை மட்டும் கண்டு திரும்புவோர் வீழ்ந்த அரசுகளை எண்ணிப் பெருமூச்செறிவர். இப்பாதையில் மெல்லச் செல்வோர்க்கு, மக்கள் நாவில் இன்றும் வாழும் அந்த மரபு செவியில் விழும்.