வீடு வந்தவர், இன்னும் காவலில் இருக்கும் மூளை

தீபாவளிப் பட்டாசு திடீரென வெடித்தால் நீங்கள் துள்ளுவீர்கள், பிறகு சிரிப்பீர்கள். பல மாதம் போர்ப் பகுதியில் பணியாற்றித் திரும்பிய ராணுவ வீரரோ அதே சத்தத்திற்குச் சட்டென்று தரையில் குனிந்துவிடலாம். அது பயந்த சுபாவம் அல்ல. அவரது மூளை அங்கே கற்ற பாடத்தை இங்கேயும் செய்து காட்டுகிறது.

மலேசிய வீரர்கள் 1960இல் காங்கோவிற்கும், 1993இல் சோமாலியா, போஸ்னியாவிற்கும், 2007 முதல் லெபனானுக்கும் ஐ.நா. அமைதிப்படையினராகச் சென்றிருக்கிறார்கள். ஆக, இது நம் அக்கம்பக்கத்திலும் நடக்கக்கூடிய கதைதான்.

மூளையின் உள்ளே வாதுமைப் பருப்பு வடிவில் 'அமிக்டலா' என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தின் அறிகுறி கிடைத்ததும், அது என்ன சத்தம் என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் இது எச்சரிக்கை மணியை அடித்துவிடும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். போர்க்களத்தில் இந்த வேகம் உயிரைக் காக்கும். வீட்டிலோ, யாராவது கதவை அறைந்து சாத்தினாலே போதும், மணி அடித்துவிடும்.

"வீட்டுக்கு வந்தாச்சே, மறந்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், ஓர் ஒலியைக் கேட்டதும் எச்சில் ஊறும்படி நாய்களைப் பழக்கினார். பிறகு உணவு தராமல் ஒலியை மட்டும் எழுப்பிக்கொண்டே இருந்தார். எச்சில் நின்றுபோனது. சற்று இடைவெளி விட்டு ஒலித்தபோது மீண்டும் ஊறியது! பழைய பாடம் அழியவில்லை. 'இப்போது உணவு இல்லை' என்ற புதிய பாடம் அதன்மேல் அமர்ந்திருந்தது, அவ்வளவுதான். அச்சமும் அப்படியே. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி 'இங்கே ஆபத்து இல்லை' என்பதைத் திரும்பத் திரும்பக் கற்று அமிக்டலாவை அடக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

முன்பெல்லாம் கப்பல் பயணமே அந்த அவகாசத்தைக் கொடுத்தது. விமானம் அதை ஒரே நாளாகச் சுருக்கிவிட்டது. அதனால்தான் பிரிட்டன், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய தன் வீரர்களைச் சைப்ரஸ் தீவில் நிறுத்தி, கடலில் குளிக்கவும் பேசவும் விட்டு, பிறகே ஊருக்கு அனுப்பியது. ஓரிரு நாள் எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்விதான்.

பெரும்பாலோருக்கு இந்தப் பதற்றம் மெல்லத் தணிகிறது. கெட்ட கனவு, தூக்கமின்மை, எரிச்சல், கூட்டத்தைத் தவிர்ப்பது போன்றவை ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் 'குண்டு அதிர்ச்சி' எனப்பட்ட இத்தகைய துன்பம், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. இன்று இதற்குப் பயனுள்ள சிகிச்சைகள் உண்டு.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், பின்னால் போய்த் தோளைத் தட்டாதீர்கள். முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பட்டாசு கொளுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே என்ன நடந்தது என்பதை அவராகச் சொல்லும்வரை கேட்க வேண்டாம்.