உங்களுக்குத் தெரியுமா? ஒரே கட்டடம், இரண்டு சட்டசபை!

சண்டிகரில் லெ கொர்புசியே வடிவமைத்த சட்டசபைக் கட்டடம் பஞ்சாபுக்காக எழுப்பப்பட்டது. 1966-இல் ஹரியானா தனி மாநிலமானதும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைபோல அதையும் பிரித்துக்கொண்டார்கள். பெரிய அவை பஞ்சாபுக்கு. மேலவைக்கென்று கட்டிய, பிரமிடு கூரை போட்ட சிறிய அவை ஹரியானாவுக்கு.

பஞ்சாப் அவையின் உச்சியை வெளியிலிருந்து பார்த்தால் சட்டசபை என்றே தோன்றாது. அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தின் வடிவம் அது! அதைவிட விசேஷம் வாசல் கதவு. ஒரு பக்கத்துக்கு 55 எனாமல் பலகைகள். அவற்றில் சூரியன், ஆறு, காளை, ஆமை என்று லெ கொர்புசியேயின் ஓவியங்கள். பிரான்ஸ் கொடுத்த பரிசு.

2016-இல் இந்தக் கட்டடத்துக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. ஆனால், அந்தப் பாகப்பிரிவினையில் தனக்குச் சேரவேண்டிய 40 சதவீத இடம் முழுசாக வரவில்லை என்ற குறை ஹரியானாவுக்கு.