முப்பத்தைந்து மார்க்

"ஏங்கண்ணு, பம்பிங் எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தஞ்சுங்க ஐயா."

"அப்பப் பாஸுதான்!"

மார்பெல்லாம் ஜெல்லோடு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த பெரியவர் சிரித்தார். எக்கோ எடுக்கிற எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு நூற்றில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமே நூறு வாங்காது. 55-க்கு மேல் இருந்தால் போதும். ஆறு வாரத்துக்கு முன் அட்டாக் வந்தவர் இவர். திரையில் முன்சுவர் அசையாமல் கிடந்தது.

"இதைக் கூட்ட மருந்து இல்லையா கண்ணு?"

செத்த தசை மீளாது. மிஞ்சியதைக் காப்பாற்ற எத்தனையோ ஆராய்ச்சி. அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஃபாஸ்போலாம்பன் என்ற புரதம். 1970-களில் ஆர்னால்டு கட்ஸ், மிச்சிஹிகோ டாடா குழுவினர் கண்டறிந்தது. 52 அமினோ அமிலங்களே உள்ள பொடியன். இதயச் செல் சுருங்க, செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியம் வெளியே வரவேண்டும். தளர, அதை ஒரு பம்ப் மறுபடி கிடங்குக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் பிரேக் இவன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் அட்ரினலின் வந்து பிரேக்கைத் தளர்த்தும். நலிந்த இதயத்திலோ பம்புகள் குறைந்துவிடும், பிரேக் அப்படியே இருக்கும். ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் மேடு ஏறும் வண்டிதான்.

பிரேக்கையே கழற்றிவிட்டால்? இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை 1994-ல் உருவாக்கினார்கள். இதயம் முன்னிலும் வலுவாக அடித்தது. மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்குப் பிரேக்கை மட்டுப்படுத்தும் மரபணுவை வைரஸில் ஏற்றிச் செலுத்திய ஆய்வு 2004-ல் வந்தது. இதயம் மேலும் ஊதிப்போவதும் பம்பிங் சரிவதும் தடுக்கப்பட்டன.

மனிதர் கதை வேறு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்று, இந்தப் புரதம் இல்லாமலே பிறந்த இரண்டு பேரைப் பற்றி 2003-ல் எழுதினார்கள். ஒருவருக்கு 16 வயதிலும் மற்றவருக்கு 27 வயதிலும் இதய மாற்று அறுவை தேவைப்பட்டது. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் துடிப்பது. அதற்குப் பிரேக் இல்லாமலும் ஓடும், நமக்கு ஓடாது போலும். கழற்றக்கூடாது, தளர்த்தலாம், ஆனால் எவ்வளவு? மருந்துக்கடைக்கு வரும் கட்டத்தில் அது இல்லை.

இதையெல்லாம் பெரியவரிடம் எப்படிச் சொல்ல? "டாக்டர் குடுத்த மாத்திரைய விடாதீங்க, அதுலயே ஏறும்" என்றேன். பொய்யில்லை, பலருக்கு ஏறியதை இதே திரையில் பார்த்திருக்கிறேன்.

ஜெல்லைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டவர் கேட்டார்: "அடுத்த பரீட்சை எப்பங்கண்ணு?"