யப்பானியரின் மண் கிண்ணம்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவழியில், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அண்மையில் அமைந்த திகன நகரின் கடைகளில் எருமைத் தயிர்ச் சட்டிகளைக் காணாத நாள் அரிது. மேற்பூச்சு எதுவுமில்லாத வெறும் மண் சட்டி அது. தயிரிலுள்ள மிகைநீரைச் சட்டியின் நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்வதாலேயே தயிர் கட்டியாக உறைகின்றது. உலோகப் பாத்திரத்தில் இட்ட தயிருக்கு அந்தப் பதம் வாய்ப்பதில்லை. ஆயினும் தயிர் தீர்ந்தவுடன் சட்டி குப்பைமேட்டை அடைகிறது. மண்ணின் அதே நுண்துளைகளை முப்பது நாற்பது ஆண்டுகள் கையில் வைத்துப் போற்றி, அவற்றால் விளையும் மாற்றத்தை அழகெனக் கொள்ளும் வழக்கமும் உலகில் உண்டு. யப்பானியரின் மண் கிண்ணத்தில் அதனைக் காணலாம்.

யப்பானியர் அரிசியைப் பூஞ்சணத்தின் துணைகொண்டு நொதிக்கச் செய்து வடிக்கும் மது சாக்கே எனப்படும். அதனை அருந்தும் கிண்ணங்களுள் மிகச் சிறியதை ஒச்சோகோ என்றும், சற்றே பெரியதைக் குய்நொமி என்றும் அழைப்பர். பெரியதுங்கூட ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஈண்டு மதுவுக்குப் பரிந்துரை எதுவுமில்லை. அதே கிண்ணத்தில் வெறுந்தேநீர் அருந்தினாலும் சொல்லப்போகும் செய்தி மாறாது.

யப்பானின் யமகுச்சி மாகாணத்தில் ஹாகி என்றொரு பழைய கோட்டை நகரம் உண்டு. 1592 முதல் 1598 வரை ஹிதெயோஷி கொரிய நாட்டின்மீது நடத்திய படையெடுப்புகளின்போது, கொரியக் குயவர் பலர் யப்பானுக்குக் கொண்டுவரப்பட்டனர். போரினால் பெயர்க்கப்பட்ட அந்த மக்களின் கைவழியாகவே ஹாகி மட்பாண்டம் பிறந்தது. இன்று அக்கிண்ணத்தின் அமைதியைப் புகழ்வோர் அதன் தொடக்கத்திலிருந்த துயரத்தைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

ஹாகிக் குயவர் மணல் கலந்த இளகிய களிமண்ணை வனைந்து, அதிக வெப்பமில்லாத சூளையில் மெல்லச் சுடுவர். அதனால் மண் முற்றாக இறுகுவதில்லை. மேலே பூசப்படும் கண்ணாடி போன்ற பூச்சும் மண்ணும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்காமையால், பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. ஊற்றிய தேநீரோ சாக்கேயோ அவ்வெடிப்புகளின் வழியே சிறுகச் சிறுக மண்ணுக்குள் ஊறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வெண்மையும் இளஞ்சிவப்புமாயிருந்த கிண்ணம் பழுப்பேறி, ஆழ்ந்த நிறம் கொள்ளுகின்றது. இதனை யப்பானியர் 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்பர். ஏழு என்பது எண்ணிக்கையன்று. பல என்பதே பொருள்.

புதிய ஹாகிக் கிண்ணம் சில வேளை கசியவும் செய்யும். அப்போது அதனை அரிசி கழுவிய நீரிலோ கஞ்சியிலோ இட்டு மெல்லக் காய்ச்சுவர். மாப்பொருள் துளைகளிற் படிந்து கசிவை அடைக்கும். புதுச் சட்டியைக் கஞ்சி ஊற்றிப் பழக்கும் நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இதில் வியப்பொன்றும் இராது. கழுவிய கிண்ணத்தை நன்றாக உலர்த்தாமல் அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் அவர்கள் சொல்லாமலே அறிவர்.

பிசென் என்னும் ஊரின் கிண்ணமோ மேற்பூச்சே இல்லாதது. இரும்புச் சத்து மிகுந்த களிமண்ணை வனைந்து, பைன் விறகிட்டு, ஒரு வாரத்துக்கும் மேலாக இரவு பகல் எரித்துச் சுடுவர். சூளையில் அடுக்கும்போது பாத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையில் வைக்கோல் சுற்றுவர். வைக்கோல் எரிந்தொழியும், அதிலுள்ள பொட்டாசியம் மண்ணின் இரும்போடு வினைபுரிந்து, அது சுற்றியிருந்த இடமெங்கும் நெருப்புக் கயிறு போன்ற செந்நிறக் கோடுகளை விட்டுச் செல்லும். ஒட்டாமைக்காகச் செய்த உபாயமே ஒப்பனையாயிற்று. எந்தக் கோடு எங்கே விழுமெனக் குயவரே முன்கூட்டிச் சொல்ல இயலாது.

தடித்த மண் சுவர் சூட்டை மெதுவாகவே கடத்துவதால், சூடாக்கிய சாக்கே விரலைச் சுடுவதில்லை. விளிம்பு சற்று வெளிநோக்கி வளைந்திருப்பின் நீர் நாவில் பரவி விழும். நேராக நின்றால் ஒடுங்கி விழும். கிண்ணம் சிறிதாயிருப்பதால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆனால் கூடியிருக்கும் அவையில் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது அங்கு மரியாதையன்று. அடுத்தவர் கிண்ணம் வறிதாவதைக் கண்டு இவர் ஊற்ற வேண்டும். அவர் ஒரு கையால் ஏந்தி மறு கையால் அடியைத் தாங்கிப் பெற வேண்டும். இரு கைகளாலும் வெற்றிலை நீட்டிப் பெரியோரை வணங்கும் கண்டி நாட்டார்க்கு இந்த முறைமை அந்நியமாகத் தோன்றாது. பெருங்கோப்பையாயின் ஒருமுறை நிரப்பிவிட்டு அயலாரை மறந்துவிடலாம்.

சாக்கே வடிப்போர் தரம் பார்ப்பதற்கெனத் தனிக் கிண்ணம் உண்டு. வெள்ளைப் பீங்கானின் அடியில் இரண்டு நீல வளையங்கள் தீட்டப்பட்டிருக்கும். பாம்பின் கண் என்பது அதன் பெயர். வெண்மையில் மதுவின் நிறமும், நீலக் கோட்டின் தெளிவில் அதன் கலங்கலும் புலப்படும். சோதனைக்கு அக்கிண்ணமே உகந்தது. மாத்தளையில் யப்பானிய நொரிட்டாக்கே நிறுவனத்தின் தொடர்போடு உருவாகும் பீங்கான்களும் இவ்வாறே வெண்மையும் சீர்மையும் உடையவை. அவற்றுக்குரிய சிறப்பு அவற்றுக்கு உண்டு. எனினும் நூறு பீங்கான் கோப்பைகளுள் தன்னுடையது எதுவென ஒருவர் தேடுவதில்லை.

கைவினைக் கிண்ணத்தை வனைவோருக்கு யப்பான் அளித்த மதிப்பையும் கூறல் வேண்டும். 1950இல் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. 1955இல் மஷிகோ ஊர்க் குயவர் ஹமாதா ஷோஜியும், மறு ஆண்டில் பிசென் குயவர் கனெஷிகே தோயோவும் அரிய கலைத்திறனின் காவலராக அரசினால் அறிவிக்கப்பெற்றனர். அதற்கு முன்பே, பெயரறியாக் கைவினைஞரின் அன்றாடப் பாத்திரங்களுக்கென யனாகி சோயெட்சு 1936இல் தோக்கியோவில் ஓர் அருங்காட்சியகம் திறந்திருந்தார். இவற்றினும் பெரிய துணை, நல்ல விலை கொடுத்து ஒரு கிண்ணத்தை வாங்கி, அலமாரியில் பூட்டாமல் நாள்தோறும் பயன்படுத்திய இல்லங்களே எனலாம்.

கண்டி நாட்டிலும் இவ்வகைக் குரல் எழாமலில்லை. கொழும்பிற் பிறந்த தமிழர் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக ஊரூராகச் சென்றபோது கைவினைஞரைக் கண்டு உரையாடி, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். குயவர் தொழிலும் அதில் இடம்பெற்றது. மன்னர் காலத்தில் குயவர் நிலம் பெற்று, அதற்கு ஈடாக அரண்மனைக்கும் ஆலயங்களுக்கும் கலங்கள் வனைந்து கொடுத்தனர். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் அந்தப் பிணைப்புத் தளர்ந்தது. அலுமினியமும் பிளாஸ்திக்கும் எஞ்சியதையும் குறைத்தன. கொழும்பு வீதியில் மொலகொடவைக் கடப்போர் பானைகளைக் கண்டு வண்டியை நிறுத்துவர். விலையைக் கேட்டதும் பாதியாகக் குறைக்குமாறு வாதிடுவர். சட்டி மலிவு என்றால் வனைந்தவரின் நாளும் மலிவாகிவிடுகிறது. அவர் மகன் வேறு வேலை தேடிப் போவதில் குற்றம் காண இயலுமா?

யப்பானிய இரசிகர் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தால் அதனைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பர். அங்கு பூச்சு இராது. மண்ணின் உண்மை நிறம் தெரியும். சுழலும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்தபோது பதிந்த சுழியும் சிலவற்றில் தெரியும். அந்தச் சுழியைக் கண்டு குயவரின் கைவேகத்தை மதிப்பிடுவோர் அங்கு உண்டு. சக்கரத்தில் வனைந்த கலத்தை நூலால் அறுத்தெடுப்பது நம் நாட்டுக் குயவரும் கையாளும் முறையே. தயிர் உண்டு முடித்தபின் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பார்த்தால், அதே சுழி அதன் அடியிலும் தென்படக்கூடும்.