நஞ்சை அளக்கும் ஏடுகள்



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த பராசெல்சஸ் என்னும் மருத்துவரும் இக்கருத்தையே கூறினார். எப்பொருளிலும் நஞ்சுண்டு, அது தீங்கு செய்வதும் செய்யாததும் அளவைப் பொறுத்தது என்றார் அவர். நச்சியல் என்னும் கல்வி இவ்வடித்தளத்தின் மேலேயே எழுந்துள்ளது.

அவ்வளவுகளை அறிய, முன்னர் பெரிய நூலகங்களை நாட வேண்டியிருந்தது. இன்று கிராமத்து மாணவரும் இணையத்தின் வாயிலாக, கட்டணமின்றி, அவற்றைக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்கெம் என்னும் களஞ்சியத்திற் பத்துக் கோடிக்கு மேற்பட்ட சேர்வைகளின் விபரங்கள் உள்ளன. அதே நூலகத்தின் பப்மெட் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தருகின்றது. குடிநீரின் தரம் பற்றிய வழிகாட்டி நூலை உலக சுகாதார தாபனம் இணையத்தில் வெளியிட்டுள்ளது. ஏடுகள் இவ்வாறு எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. அவற்றை எவ்வாறு படிப்பது என்பதே இன்று நான் கூற விழைவது.

எமது பாடசாலையிற் கற்று, இப்பொழுது பல்கலைக்கழகத்திற் சுற்றாடல் முகாமைத்துவம் பயிலும் மாணவி ஒருத்தி, சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தாள். அவள் கையிற் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை ஒன்று இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாலானது. தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் மலசலக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று என்னும் பொருள் அதன் வழியே எளிதிற் கிணறுகளை அடைகின்றது.

“சேர், ஐம்பது மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார தாபனம் சொல்கிறது. எங்கள் கிணற்றில் பன்னிரண்டுதான். அக்காவின் பிள்ளைக்கு இந்தத் தண்ணீரில் மாப்பால் கரைக்கலாந்தானே?” என்று கேட்டாள்.

யான் கலைப் பட்டதாரி. இரசாயனம் கற்றவன் அல்லன். ஆயினும் சொற்களைக் கூர்ந்து படிப்பது என் தொழில். அறிக்கையில் ‘நைத்திரேற்று, நைதரசனாக’ என்றிருந்தது. வழிகாட்டி நூலிலோ ‘நைத்திரேற்று’ என்று மாத்திரமே இருந்தது. “பிள்ளை, இவ்விரண்டும் ஒன்றா?” என்று வினவினேன்.

அவள் முகம் மாறிற்று. தாளை எடுத்துக் கணக்கிட்டாள். நைத்திரேற்றின் 62 பங்கு நிறையில் 14 பங்கே நைதரசன். ஆகவே நைதரசனாகக் கூறிய அளவை ஏறத்தாழ 4.4 ஆற் பெருக்கினாலன்றி நைத்திரேற்றின் அளவு கிடைக்காது. அவ்வாறு பெருக்கியபோது, பன்னிரண்டு ஐம்பத்து மூன்றாயிற்று. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை அந்நீர் கடந்திருந்தது.

இவ்வெல்லை புட்டிப்பால் அருந்தும் சிசுக்களைக் காக்கவே முதலில் வகுக்கப்பட்டது. சிசுவின் உடலில் நைத்திரேற்று வேறோர் உருப்பெற்று, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். குழந்தை நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அன்று முதல் அப்பிள்ளைக்குப் பால் கரைக்க, பரிசோதித்து உறுதிசெய்த வேறு கிணற்று நீரே கொண்டுவரப்படுகின்றது.

ஆகவே மாணவர்காள், ஓர் எண்ணைக் கண்டதும், அஃது எப்பொருளை எவ்வலகில் அளந்தது என்று முதலிற் கேளுங்கள். ஐக்கிய அமெரிக்கா விதித்த எல்லை 10 மில்லிகிராம்; அது நைதரசனாகக் கணக்கிட்டது. பத்துக்கும் ஐம்பதுக்கும் பெரும் பகையிருப்பதாகத் தோன்றும்; அலகை அறிந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

இரண்டாவதாக, ஏட்டின் காலத்தைக் கேளுங்கள். நச்சியல் மாணவர்க்குப் பல ஆண்டுகள் துணைநின்ற தொக்ஸ்நெற் என்னும் களஞ்சியம் 2019 டிசெம்பரில் மூடப்பட்டது. அதன் அபாயப் பொருட் தரவுகள் பப்கெம்முக்கு மாற்றப்பட்டன. பழைய வழிகாட்டிகள் இன்னும் பழைய வாயிலையே காட்டக்கூடும்.

மூன்றாவதாக, ஏடு எவ்வினாவுக்கு விடை தருகின்றது என்று கேளுங்கள். கிளைபொசேற்று என்னும் களைநாசினி மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என 2015இற் பிரான்சின் லியோன் நகரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் வகைப்படுத்திற்று. உணவின் வாயிலாக அத்தகைய ஆபத்து நேரும் வாய்ப்புக் குறைவு என 2016இல் உலக சுகாதார தாபனமும் உணவு விவசாய தாபனமும் கூட்டிய நிபுணர் குழு கூறிற்று. முன்னையது, அப்பொருளுக்கு அவ்வியல்பு உண்டா என்ற வினாவுக்கு விடை. பின்னையது, உணவில் எஞ்சும் அளவு தீங்கு செய்யுமா என்ற வினாவுக்கு விடை. ஒன்றை மட்டும் படித்தவர் வீணே அஞ்சவும் கூடும். வீணே துணியவும் கூடும்.

அந்த மாணவி விடைபெற்றபோது அறிக்கையை மடித்துப் பையில் வைத்தாள். அயல்வீடுகள் நான்கினின்றும் அத்தகைய அறிக்கைகளைப் பெற்று, மறுவாரம் மீண்டும் வந்தாள். இம்முறை ஒவ்வொன்றிலும் அலகைச் சிவப்பு மையாற் கோடிட்டிருந்தாள்.