ஆந்தையின் படமும் ‘ம்’ என்னும் ஒலியும்

பண்டைய எகிப்தியக் கல்வெட்டு ஒன்றில் ஆந்தை பொறிக்கப்பட்டிருந்தால், அங்கே ஆந்தையைப் பற்றிப் பேசப்படுகிறது என்று கொள்வது பெரும்பாலும் பிழையாகவே முடியும்; அந்த ஆந்தை ‘ம்’ என்னும் மெய்யொலியைக் குறிக்கும் எழுத்து. அவ்வாறே நீரலை ‘ந்’ ஆகவும், வாய் ‘ர்’ ஆகவும், கொம்புடைய விரியன் பாம்பு ‘ஃப்’ ஆகவும், சிறு ரொட்டி ‘த்’ ஆகவும் நின்று ஒலிக்கின்றன. ஹைரோகிளிஃப் என்று உலகம் அறிந்த இந்த எழுத்துமுறை பார்வைக்கு ஓவியமாக இருந்தாலும், ஒரு மொழியின் சொற்களை அவற்றின் இலக்கணத்தோடு எழுதுவதற்கென்றே அமைந்தது.

இதன் மிகப் பழைய சான்றுகள் கி.மு. 3200-ஐ ஒட்டிய காலத்தவை. அபிடோஸ் என்னும் ஊரின் அரச கல்லறை ஒன்றில், எலும்பிலும் தந்தத்திலும் கீறப்பட்ட சிறு குறிச்சீட்டுகளாக அவை கிடைத்தன. படம் ஒலியாக மாறிய வழியை ஒரு வாத்தின் படத்தைக் கொண்டு விளக்கலாம். மகன் என்னும் உறவை வரைந்து காட்டுவது எளிதன்று; ஆனால் எகிப்திய மொழியில் ஒருவகை வாத்தின் பெயரில் இருந்த மெய்யொலிகளே மகனைக் குறிக்கும் சொல்லிலும் இருந்தமையால், வாத்தை வரைந்து மகன் என்று படித்தார்கள். மன்னர்களின் பட்டங்களுள் ஒன்றான ‘ரா என்னும் சூரியக் கடவுளின் மகன்’ என்பது, வாத்தும் சூரிய வட்டமுமாகவே எழுதப்பட்டது.

இந்த ஒலிக்குறிகளில் ஒரு மெய்யை மட்டும் குறிப்பவை ஏறத்தாழ 24. அவற்றை மட்டுமே கொண்டு மொழி முழுவதையும் எழுதியிருக்க இயலும் என்றாலும் எகிப்தியர் அவ்வாறு செய்யவில்லை. இரண்டு மெய்களையும் மூன்று மெய்களையும் ஒருசேரக் குறிக்கும் எழுத்துகள் பல இருந்தன. செவ்வியல் காலமாகக் கருதப்படும் மத்திய கால இராச்சியத்தின் எழுத்துகள் மொத்தம் ஏறத்தாழ 700. இதயமும் மூச்சுக்குழலும் சேர்ந்த வடிவம் ந்-ஃப்-ர் என்னும் மூன்று மெய்களைத் தரும். நல்லது, அழகியது என்பது அந்தச் சொல்லின் பொருள். அந்த ஓர் எழுத்தே போதுமாக இருந்தும், அதன் பின்னே பாம்பையும் வாயையும் எழுதுவது வழக்கம். அவற்றை மீண்டும் ஒலிப்பதில்லை, முன்னுள்ள எழுத்தை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று உறுதிசெய்வதே அவற்றின் வேலை.

உயிரொலிகளை எகிப்தியர் எழுதவில்லை. தமிழை அவ்வாறு எழுதினால் பல், பால், புல் ஆகிய மூன்றும் ‘ப்ல்’ என்றே நிற்கும். சொல்லின் இறுதியில் ஒரு பல்லையோ பால் குடத்தையோ புற்கொத்தையோ வரைந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். எகிப்தியர் செய்ததும் அதுவே. ஒலிக்காமல், சொல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் காட்டும் இக்குறிகளைப் பொருள்சுட்டிகள் எனலாம். எழுதுகோல் பெட்டியும் மைத்தட்டும் சேர்ந்த வடிவத்தின் பின்னே அமர்ந்த மனிதன் வந்தால் எழுத்தர். பாப்பிரஸ் சுருள் வந்தால் எழுத்து அல்லது ஆவணம். வீட்டின் தரைப்படம் ப்-ர் என்னும் ஒலிகளைத் தரும். அதனருகில் ஒரு சிறு கோடு இட்டால் வீடு என்றே பொருள், வாயும் நடக்கும் கால்களும் தொடர்ந்தால் வெளியே செல்லுதல் என்னும் வினை. சொற்களுக்கிடையே இடைவெளி விடாத எழுத்தில், ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதையும் பொருள்சுட்டியே தெரிவிக்கிறது என்பதால், இதை வெறும் அலங்காரமாகக் கொள்வது பெருந்தவறு. பேரில்லம் என்னும் பொருளில் அரண்மனைக்கு வழங்கிய ‘பெர்-ஆ’ என்பதும் இந்த வீட்டு எழுத்தில் தொடங்கியதே; பின்னர் அது மன்னனையே குறித்து, விவிலியத்தின் வழியாகத் தமிழில் பார்வோன் ஆயிற்று.

வடிவ வேறுபாடுகள் எத்துணை நுட்பமானவை என்பதற்கு இரண்டு சிறு பறவைகள் போதும். வால் பிளவுபட்ட தகைவிலான் குருவி ‘வ்-ர்’ என்று ஒலித்துப் பெருமையைக் குறிக்கும். ஏறத்தாழ அதே உருவில், வால் மட்டும் வட்டமாக அமைந்த சிட்டுக்குருவி, சிறுமை, தீமை, நோய் முதலிய சொற்களுக்குப் பொருள்சுட்டியாக வரும். சிற்பியின் உளி வாலில் சற்றே பிசகினாலும் பெருமை சிறுமையாகிவிடும்.

வலமிருந்து இடமாகவும், இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும் ஹைரோகிளிஃப்களை எழுதலாம். மனிதரும் விலங்குகளும் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அந்தப் பக்கமே வரியின் தொடக்கம். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நீளாமல், கண்ணுக்குப் புலப்படாத சதுரங்களில் அடுக்கப்பட்டு அமையும். இடம் காலியாகத் தோன்றாமலிருக்க வரிசை மாறுவதும் உண்டு. கடவுளின் பெயர் இடம்பெறும் சொல்லில் அப்பெயரையே முதலில் எழுதுவது மரபு. மன்னன் துட்டன்காமனின் பெயர் ‘துட்-அங்க்-ஆமுன்’ என்று ஒலித்தாலும், எழுத்தில் ஆமுன் முன்னே நிற்கிறார். படம் ஒலியாகிவிட்ட பின்னும் அதன் உயிர் போய்விடவில்லை என்று எகிப்தியர் நம்பினர்: பிரமிடுகள் சிலவற்றின் அடக்க அறைகளில், இறந்தவருக்குத் தீங்கு நேராதிருக்க, சிங்கம், பாம்பு போன்ற எழுத்துகளை இரண்டாக வெட்டியோ குறைத்தோ செதுக்கியிருக்கின்றனர். மன்னன் அக்நாதன் ஆமுனின் பெயரைக் கோயில் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுக்கச் செய்ததும் இந்த நம்பிக்கையோடு சேர்த்தே எண்ணத்தக்கது.

நாள் குறிக்கப்பட்ட கடைசி ஹைரோகிளிஃப் கல்வெட்டு, கி.பி. 394 ஆகஸ்டில் ஃபிலே தீவுக் கோயிலில் பொறிக்கப்பட்டது. அதன் பின் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனதும், ஒவ்வொரு படமும் ஆழ்ந்த தத்துவக் குறியீடு என்னும் எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியது. 17-ஆம் நூற்றாண்டில் அதனாசியஸ் கிர்ச்சர் போன்ற பேரறிஞரும் அதே வழியில் சென்று, இல்லாத பொருளை ஏற்றிப் படித்தார். 1799-இல் கிடைத்த ரோசெட்டா கல், கி.மு. 196-இன் ஆணையொன்றை ஹைரோகிளிஃப், டெமோட்டிக் என்னும் விரைவெழுத்து, கிரேக்கம் ஆகிய மூன்றிலும் தாங்கியிருந்தது. ஆங்கிலேயரான தாமஸ் யங், நீள்வட்டத்துக்குள் எழுதப்பட்ட மன்னன் தாலமியின் பெயரில் சில ஒலிகளை அடையாளம் கண்டார். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் உடைந்துபோன ஹைரோகிளிஃப் பகுதியில் எஞ்சியிருந்த எழுத்துகள் 1,419; கிரேக்கத்தில் அவற்றுக்கு நேரான சொற்களோ 486 மட்டுமே. ஓர் எழுத்து ஒரு சொல் என்னும் கொள்கை அந்த எண்ணிக்கையின் முன் நிற்கவில்லை. எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கில் அவர் பெற்றிருந்த புலமை எஞ்சிய கதவைத் திறந்தது. வேறொரு கல்வெட்டின் நீள்வட்டத்துக்குள் இருந்த மன்னர் பெயர் ஒன்று சூரிய வட்டத்தில் தொடங்கியது; சூரியன் காப்டிக்கில் ‘ரே’. அடுத்த எழுத்து பிறப்பைக் குறிக்கும் ‘ம்-ஸ்’. ஆகவே அந்தப் பெயர் ராம்செஸ். 1822-இல் முதல் முடிவுகளையும் 1824-இல் முழுமையான விளக்கத்தையும் அவர் வெளியிட்டார்.

எழுதாமல் விட்ட உயிரொலிகள் மட்டும் முழுமையாக மீளவில்லை. நெஃபெர்டிட்டி என்னும் பெயரிலுள்ள எகரங்கள், ஒலிப்பதற்கு வசதியாக ஆய்வாளர் இட்டுக்கொண்டவை. கிரேக்க எழுத்துகளால் எழுதப்பட்ட காப்டிக் உயிர்களைக் காட்டுகிறது என்றாலும், அது மிகப் பிற்பட்ட காலத்து ஒலிப்பு. ராம்செஸ் உயிரோடிருந்த காலத்தில் அவர் பெயர் எவ்வாறு ஒலித்தது என்பதற்குச் சான்று, எகிப்தில் அல்லாமல், ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹட்டுஷாவில் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கிறது. உயிரொலிகளையும் எழுதும் ஆப்பெழுத்தில் அவை அவரை ‘ரியமஷேஷ’ என்று குறிக்கின்றன.